ஏற்காட்டுப் பள்ளி நூலகத்துக்கு 2 லட்சம் ரூபாய்: டேப்லெட்டா, புத்தகமா?

மலை டீச்சர்:
ஏற்காடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். பழைய மாணவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். பீரோக்களை ஓரங்கட்டிவிட்டு, 15 டேப்லெட் வாங்கி, டிஜிட்டல் நூலகம் என்று போர்டு மாட்டிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லோரும் சரி என்றார்கள். நான் மட்டும் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இருப்பது 3 இரும்பு பீரோ. மூடுபனி இறங்கினால் அட்டையெல்லாம் பூஞ்சை. புத்தகங்களில் பாதி, பிள்ளைகள் தூக்கவே முடியாத தடித் தொகுதிகள். வாசிப்பு இயக்கத்தில் வந்த மெல்லிய கதைப் புத்தகங்களைத்தான் ஓரம் கிழியும்வரை படித்தார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடிக் குடும்பங்கள், கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைக்காரர்கள். பெற்றோருக்குக் காபி, மிளகுத் தோட்டத்தில் வேலை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு போய்விடும். 2018 முதல் பாடநூலில் கியூஆர் குறியீடு அச்சிட்டு வருகிறது, ஸ்கேன் செய்யப் பிள்ளை கையில் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

அம்மாபேட்டை கோடர்:
டேப்லெட்தான் டீச்சர், தயங்கவே வேண்டாம். நான் சேலத்தில் ஆறாவது முதல் பத்தாவது வரை படித்த பள்ளியில் நூலக பீரோ திறந்து பார்த்தது ஆய்வுக்கு அதிகாரி வந்த நாட்களில் மட்டும். சாவி யாரிடம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு, முதல் முறையாகக் கேட்டது கேட்டபடி கிடைத்த இடம் பிரவுசிங் சென்டர். அந்த ஐந்து வருடம் எனக்குப் போனது போனதுதான்.

சிக்னல் பற்றியும் கவலை வேண்டாம். ரேஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருக்கிறது. அதில் கிவிக்ஸ் மென்பொருள் போட்டால் தமிழ் விக்கிபீடியா முழுவதும் இணையம் இல்லாமலே அந்த அறைக்குள் வைஃபையில் கிடைக்கும். ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாக, திறந்த உரிமத்தில் இருக்கின்றன. அதையும் இறக்கி வைத்துவிடலாம். ஒரு கதையை ஒரே நேரத்தில் 10 பேர் படிக்கலாம். பார்வை மங்கிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கலாம். அச்சுப் புத்தகத்தில் இது நடக்குமா?

ஓய்வுபெற்ற நூலகர்:
தம்பி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அந்த டேப்லெட்டை யார் சர்வீஸ் செய்வார்கள்? பேட்டரி உப்பிய பிறகு அது பீரோவுக்குள்தான் போகும். புத்தகம் 30 வருடம் இருக்கும்.

படித்துப் புரிந்துகொள்வதைப் பற்றியும் சொல்கிறேன். 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2018இல் வந்தது. திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வகுப்பறைகளைத் திரைமயமாக்கிய ஸ்வீடனே 2023இல் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. அவர்கள் திரும்பி வரும் பாதையில் நாம் எதற்குப் புறப்பட வேண்டும்?

அம்மாபேட்டை கோடர்:
ஐயா, அதே பகுப்பாய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். தாளின் மேன்மை தகவல் பாடங்களில்தான் தெரிந்தது. கதை மட்டும் படித்தவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. டீச்சரின் பிள்ளைகள் கிழியக் கிழியப் படித்தது கதை. அப்புறம், ஸ்வீடன் பிள்ளைக்குத் திரும்பிப் போக ஒரு நல்ல நூலகம் இருந்தது. நம் பிள்ளைக்கு இருப்பது பூட்டு.

ஓய்வுபெற்ற நூலகர்:
கதையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் அதை விட்டிருக்கக் கூடாது.

பூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆசிரியரின் சோம்பல் இல்லை, பயம். புத்தகம் காணாமல் போனால் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலேயே, ஓராண்டில் வாசிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு 5 தொலைவது இயல்பு என்று எழுதியிருக்கிறது, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதிதான். ஆனாலும் உங்கள் மேலாண்மைக் குழுவில் இதைக் காட்டி, நன்கொடைப் புத்தகங்களுக்கு அப்படி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள் அம்மா. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் முதல் விதியாக எழுதி வைத்தார். அதைப் பூட்டி வைத்த பாவத்தில் என் துறைக்கும் பங்குண்டு. டேப்லெட்டுக்கும் இதே பயம் வரும் தம்பி, அதன் விலைக்கு இரண்டு மடங்காக வரும்.

செவ்வாய்ப்பேட்டை அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் போன், நெட் எல்லாம் இருக்கிறது. எட்டாவது படிக்கும் மகன் மேட்டூர் அணை பற்றிக் கட்டுரை எழுதினான். அணையில் 214 அடி தண்ணீர் நிற்கும் என்று எழுதியிருந்தான். செய்தியில் தினமும் முழுக் கொள்ளளவு 120 அடி என்று வருகிறதே கண்ணா என்றேன். போனில் காட்டினான், 214 என்றுதான் இருந்தது. அணைக் கட்டுமானத்தின் உயரம் 214 அடி, தண்ணீர் தேக்கும் மட்டம் 120 அடி. இரண்டு எண்ணும் சரி, அவன் சேர்த்து எழுதியதுதான் தப்பு. எங்கள் மாவட்டத்து அணையிலேயே இப்படி என்றால், மற்றதில்? முதலில் வந்த பதிலோடு நிற்காமல் இன்னொரு இடத்தில் போய்ப் பார் என்று அவனுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. லைப்ரரி பீரியடில் கணக்கு நடத்துகிறார்கள். எனக்குப் புத்தகமா டேப்லெட்டா என்பதைவிட, அந்த அறையில் பிள்ளையோடு யார் உட்காருவார்கள் என்பதுதான் கேள்வி.

மலை டீச்சர்:
அங்கேதான் நானும் நிற்கிறேன் அம்மா. எனக்கு வாரம் முழுக்க வகுப்பு. உட்கார ஆள் இல்லை.

நாகலூர் பொண்ணு:
நான் மலையில் படித்து இப்போது சேலத்தில் பி.எஸ்சி. கோடர் அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும் கதை உங்கள் சின்னக் கணினிப் பெட்டிக்குள் இருக்குமா? இருந்தாலும் பாட்டியின் சொல்லில் இருக்காது. பள்ளி பீரோவிலும் இருந்ததில்லை. ஒரு டேப்லெட்டில் பாட்டியின் குரலைப் பதிந்து, அதைப் பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து தைத்து அலமாரியில் வைத்தால் அதுவும் நூலகம்தானே? எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. விடுமுறையில் நான் வருவேன் டீச்சர்.

அம்மாபேட்டை கோடர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. பதிந்த குரலை அந்தப் பெட்டியிலேயே போட்டு வைக்கலாம்மா, எல்லா டேப்லெட்டிலும் கேட்கும்.

மலை டீச்சர்:
இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5 டேப்லெட், அந்தச் சின்னக் கணினி. பீரோவுக்குப் பதில் பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் திறந்த மர அலமாரி, சுவரை ஒட்டாமல், ஈரம் ஏறாதபடி. மெல்லிய புத்தகங்கள் நிறைய. மீதிப் பணத்தில், பக்கத்து ஊரில் பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மதியம் 2 மணி நேரத்துக்கு ஒரு வருட மதிப்பூதியம். ஆயிரத்துக்கு 5 தீர்மானத்தையும் குழுவில் வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்:
அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் நான் வந்து சொல்லித் தருகிறேன். ஆனால் 5 டேப்லெட்டும் அதிகம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். 2 போதும், மீதி புத்தகத்துக்கு.

அம்மாபேட்டை கோடர்:
நான் 10க்குக் குறையக் கூடாது என்பேன் ஐயா. 35 பேர் வகுப்பில் ஒன்றுக்கு 7 பேர் என்றால் ஒருவன் பார்ப்பான், ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சரி, எண்ணிக்கையைக் குழு முடிவு செய்யட்டும். அந்தச் சின்னக் கணினியை நானே தயார் செய்து கொண்டுவருகிறேன். டீச்சர், மலையில் இடி மின்னல் அதிகம், அந்த அறை பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மலை டீச்சர்:
அந்த அறையில் பிளக் பாயிண்ட்டே இல்லை தம்பி, ஒரு லைட் மட்டும்தான். நாளைக்கு ஆளைக் கூப்பிடுகிறேன்.