மேலூர் போகும் வழியில்

குழு: மேலூர் வீடு

வியாழன், இரவு

கதிர் (9.12): சனிக்கிழமை காலை நாலரைக்குத் தாம்பரத்தில் வண்டி எடுக்கிறோம். ஏழு பேர். போன தடவை மாதிரி ஒரே மூச்சில் வர முடியாது, பிள்ளைகள் என் உயிரை வாங்கிவிட்டார்கள். வழியில் எங்கே நிறுத்தலாம்?

தேவி (9.14): சாப்பாட்டுக் கடை வாசலில் மட்டும் வேண்டாம். போன தடவை ஆறிப்போன வடைக்கும் கழிப்பறை வரிசைக்குமே முக்கால் மணி நேரம் போனது.

அம்மா (9.15): சிறுவாச்சூர் மதுரகாளியைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

செல்வி அக்கா (9.16): அம்மா, அங்கே திங்கள், வெள்ளிதானே நடை திறப்பார்கள். நாங்கள் வருவது சனி.

அம்மா (9.16): அட ஆமாம். வாசலிலாவது கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

அத்தான் (9.20): ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூருக்கு முன்னாலேயே, நெடுஞ்சாலையை ஒட்டி. நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறோம், ஒரு தடவை கூட இறங்கியதில்லை.

செல்வி அக்கா (9.21): அப்படியே சாத்தனூர் கல்மரம் 😏

அத்தான் (9.21): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர் (9.22): அழித்தாலும் படித்துவிட்டோம் அத்தான் 😂

தேவி (9.23): என்ன கதை அது? எனக்குத் தெரியாதே.

செல்வி அக்கா (9.26): போன வருஷம் இவர் கைபேசி வரைபடத்தில் வெறும் சாத்தனூர் என்று போட்டுவிட்டார். அது திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் சாத்தனூர் அணைக்கு வழி காட்டியிருக்கிறது. திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பி, செஞ்சிக்கோட்டை கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. நமக்கு வேண்டிய சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. "கல்மரப் பூங்கா" என்று சேர்த்துப் போட வேண்டும்.

அத்தான் (9.27): செஞ்சியும் நல்ல இடம்தானே.

யாழினி (9.31): அம்மா போனில் இருந்து யாழினி. கல்மரம்னா என்ன?

கதிர் (9.38): பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம்டா. அப்போது கடல் அந்த ஊர் வரைக்கும் இருந்தது. இன்றைக்கு அங்கிருந்து கடற்கரைக்குப் போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மரம் கடலடி மண்ணில் புதைந்து, மரத்துக்குள் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த இடத்தில் சிலிக்கா வந்து உட்கார்ந்துவிட்டது. உருவம் மரம், பொருள் கல். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் அதைப் பற்றி எழுதினார். அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றனவே, அவை வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போனதுதான்.

யாழினி (9.39): மாமா நீங்க நேரில் பார்த்திருக்கீங்களா?

கதிர் (9.39): இல்லை 😬

அப்பா (9.52): நீங்கள் கட்டாயம் நிறுத்த வேண்டிய இடம் கொடும்பாளூர். விராலிமலை தாண்டியதும் வரும். பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேள் என்ற குறுநில மன்னர் மரபினன் பூதி விக்கிரமகேசரி தனக்கு ஒன்று, கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று என மூன்று கோயில்கள் எடுத்தான். அதனால் மூவர் கோயில். இன்று நிற்பவை இரண்டு, வடக்கே உள்ளதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

அப்பா (9.58): அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் உறையூரைத் தாண்டி மதுரைக்கு நடக்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பைக் குளக்கரையில் பாதை சிவன் கையிலுள்ள சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் அழகர்மலை வழி, நடுவே ஒன்று. கொடும்பை என்பது இந்தக் கொடும்பாளூர்தான். இதில் இறங்காமல் போவதற்குப் பெயர் பயணமா?

அத்தான் (10.01): மாமா, மூன்று வழி என்றால் நான் தப்பான வழியில்தான் போவேன்.

செல்வி அக்கா (10.01): 😂😂

அம்மா (10.04): இலக்கியம் இருக்கட்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். கோட்டைக்குப் பத்து மணிக்கு மேல் போகாதீர்கள், பாறை சுடும். கல்மரத்துப் பக்கம் கடை இருக்கும் என்று நம்பாமல் தண்ணீர் கேன் எடுத்து வையுங்கள். கழிப்பறைக்கு முன்னாலேயே பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுங்கள்.

தேவி (10.05): இதுதான் அத்தை உருப்படியான யோசனை 🙏

சனிக்கிழமை

கதிர் (8.55): [புகைப்படம்] ரஞ்சன்குடி. எங்களைத் தவிர ஆளே இல்லை.

அப்பா (9.03): அந்த இடத்தில் 1751இல் போர் நடந்தது, வாலிகண்டபுரம் போர். ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான சண்டை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் சந்தா சாகிபும், மறுபக்கம் ஆங்கிலேயரும் முகமது அலியும்.

யாழினி (9.10): [புகைப்படம்] அகழி இருக்கு தாத்தா!! சுவர் மூலையெல்லாம் வட்டமா இருக்கு.

தேவி (9.31): மேலே காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கீழே லாரிகள் எறும்பு மாதிரி போகின்றன. சின்னவன் இறங்க மாட்டேன் என்கிறான். கைப்பிடிச்சுவர் இல்லாத இடங்கள் இருப்பதால் அவன் கையை நான் விடவே இல்லை.

செல்வி அக்கா (11.05): சரியான சாத்தனூர் வந்துவிட்டோம். வண்டி நான் ஓட்டினேன்.

யாழினி (11.12): [புகைப்படம்] மரம் நிற்கும்னு நினைச்சேன். படுத்திருக்கு.

கதிர் (11.16): 18 மீட்டர் நீளம். சின்னவன் பக்கத்தில் நடந்து அடி எண்ணினான், பாதியில் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால் பார்ப்பதற்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் அந்த இருபது நிமிஷம் யாரும் கைபேசியைக் கேட்கவில்லை.

அத்தான் (2.40): கொடும்பாளூர். புல்தரை, நிழல், இரண்டு விமானம். புளியோதரை வெளியிலேயே முடிந்தது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

யாழினி (2.44): தாத்தா, கோவலன் எந்த வழியில் போனார்?

அப்பா (2.46): நடுவழி. நீங்கள் வருவது அழகர்மலைப் பக்கம், இடது வழி என்று வைத்துக்கொள். மேலூர் நெருங்கும்போது வலது கைப்பக்கம் மலை தெரியும், பார்.

அப்பா (2.49): நாளை விடியற்காலை அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், நம் வீட்டுக்குப் பக்கத்தில்தான். குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது, பாறை உச்சியில் வல்லூறு இருக்கிறது. ஐந்தரைக்கு எழுப்புவேன்.

அம்மா (2.50): நாளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், மலையில் இல்லை.

அப்பா (2.51): ஏழரைக்குள் திரும்பிவிடுவோம்.

அம்மா (2.51): திங்கள்.

கதிர் (2.53): திங்கள் 👍

யாழினி (4.20): மலை தெரியுது!!!