ரப்பர் இலை நுனியில் நூல் பிரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா பால் மரம் சீவிய தோட்டத்து இலைகளை வைத்துப் பருத்தித் துணியில் சயனோடைப் என்ற நீல வெயில் அச்சு (மருந்து பூசிய துணியில் இலையை வைத்து வெயிலில் காட்டுவது) எடுத்தேன். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறைதான். இளம் இலையின் நரம்புகூட நீலத்தில் விழுந்திருக்கிறது. பார்த்ததும் அம்மா கண் கலங்கிவிட்டார்.

அதன்மேல் அவரது பழைய கைலியை வைத்து, இலை வடிவில் மேல்துணியை மட்டும் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கிறேன். வளைவுகள் சரியாக வருகின்றன. கூர்நுனியில்தான் மடிக்க இடமில்லாமல் நூல் பிரிகிறது. பின்னால் ஒட்டுத்துணி (இஸ்திரி போட்டு ஒட்டும் துணி) வைத்தால் நிற்குமா? கைத்தையலுக்கு ஊசி இறங்குமா?

அப்புறம், சோப்புத்தூளில் அலசிய ஒரு அச்சுத் துணித்துண்டு மஞ்சளாகிவிட்டது. காரம் அந்த நீலத்துக்கு ஆகாது. நீங்களும் வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

கைலி ஒன்றுதான் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அக்கா.