தாத்தாவின் ஆக்ஃபா ஐசோலெட்: துருத்தியை ஒட்டுவதா, மாற்றுவதா?

முத்தியால்பேட்டைக்காரன் (புதுச்சேரி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. சைகோனில் இருந்தபோது வாங்கி ஊருக்குக் கொண்டுவந்த ஆக்ஃபா ஐசோலெட் 2 மடிப்புக் கேமரா, அவர் காலமான பிறகு தோலுறையோடு மர அலமாரியின் அடித்தட்டில் பல ஆண்டுகள் கிடந்தது. 85 மி.மீ. அப்போட்டார் லென்ஸ், எஃப் 4.5, ஷட்டர் பிராண்ட்டர்-எஸ்.

இப்போதைய நிலை இது. தூரத்தைக் குறிக்கும் வளையம் அசையவே மறுக்கிறது. லென்ஸின் உட்புறம் சிலந்தி வலை போன்ற பூஞ்சை படர்ந்திருக்கிறது. லென்ஸுக்கும் கேமரா உடலுக்கும் இடையே மடிந்து விரியும் துருத்தியின் மூலைகள் வெளுத்துப்போயிருக்கின்றன. ஷட்டரின் கதை தனி: சென்ற ஆண்டு ஒரு கடையில் கொடுத்தேன், அவர்கள் அதைப் பிரிக்காமலே முன்பக்கமாகத் தையல் மெஷின் எண்ணெயை விட்டுத் தந்துவிட்டார்கள். இரண்டு நாள் அழகாக ஓடியது, மூன்றாம் நாள் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து இந்தக் கேமராவால் ஒரு படம் எடுக்க வேண்டும். எந்த வேலையை முதலில் தொடுவது, துருத்தியை ஒட்டிப் பயன்படுத்தலாமா அல்லது புதிதாக மாற்றத்தான் வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெடிலக்கரை (கடலூர்):

தம்பி, நான் மஞ்சக்குப்பத்தில் நெடுநாள் ஸ்டூடியோ நடத்தியவன். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல்களை இதே போன்ற ஐசோலெட்டில் போட்டுத்தான் கோயில் திருவிழாக்களை எடுத்தேன், ஆகவே அதன் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் துருத்தியைப் பாருங்கள், ஏனெனில் அதில் ஓட்டை இருந்தால் மற்றவை அனைத்தும் சரியாக இருந்தும் படம் வீணாகும். இரவில் அறையை இருட்டாக்கி, பின்கதவைத் திறந்து, சிறிய எல்இடி விளக்கை உள்ளே விட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு மடிப்பின் மூலையையும் பாருங்கள். அக்காலத்து ஆக்ஃபா துருத்திகள் பெரும்பாலும் நல்ல தோலால் ஆனவை அல்ல. அதே காலத்து ஜெய்ஸ் ஐகான் நெட்டரின் துருத்தி இன்றும் உறுதியாக இருக்க, ஐசோலெட்டின் மூலைகள் சல்லடையாகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசிமுனை அளவு ஓட்டைகள் என்றால், துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய தூரிகையால், ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என்று மூன்று முறை பூசுங்கள். கேமராவை மடிக்காமல் ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள். தடித்துப் பூசினால் மடிப்பு மூடாது, மூடினாலும் ஒட்டிக்கொண்டு கிழியும்.

அசையாத வளையத்துக்குக் காரணம் ஆக்ஃபாவின் பச்சை நிறக் கிரீஸ். அது காலப்போக்கில் பிசினாக இறுகிவிடும். வலிந்து திருப்பினால் முன் லென்ஸோடு நடு லென்ஸும் சேர்ந்து கழன்று வரும். பலர் அந்த நிலையில்தான் கேமராவைக் குப்பையில் போடுகிறார்கள். வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று சிறு திருகுகளைத் தளர்த்தி வளையத்தை எடுத்துவிட்டு, முன் பகுதியைத் தனியே வெளியில் எடுத்து, மரைப் பகுதியில் லைட்டர் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டுவதற்கு முன் திரவம் முழுவதும் ஆவியாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். அது எளிதில் தீப்பற்றும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் அடுப்பு கூடாது. ஒரே நாளில் விடாது. எனக்கு ஒன்று ஐந்து நாள் பிடித்தது. மரை எந்த இடத்தில் விடுபடுகிறது என்பதை ஊசியால் கீறிக் குறித்துவைக்க மறக்க வேண்டாம்.

ஷட்டர் தகடுகள் உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் அவற்றுக்குப் பகை. லென்ஸ் பகுதிகளைக் கழற்றியபின் அதே லைட்டர் திரவத்தால் கழுவி, பஞ்சு நுனியால் ஒற்றி, எண்ணெய்ப் படலம் திரும்ப வருவது நிற்கும்வரை மீண்டும் மீண்டும் செய்யுங்கள். இன்னொன்று: பக்கத்தில் தானியங்கித் தாமதத்துக்கான நெம்புகோல் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.  பொத்தானை அழுத்திச் சில நொடி கழித்துப் படம் எடுக்க வைப்பது அது. பழைய பிராண்ட்டரில் அது நடுவழியில் நின்றுவிட்டால் ஷட்டரும் நின்றுவிடும்.

வில்லியனூர் வாசகன்:

பெரியவர் சொன்னதில் துருத்தியைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பூச்சு ஓராண்டு தாங்கும், அதன்பின் பக்கத்து மடிப்பு வெடிக்கும், நாமும் பூசிக்கொண்டே இருப்போம். நான் மூன்று ஐசோலெட்டுகளில் பூசிப் பார்த்து, கடைசியில் மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து புதுத் துருத்தி வரவழைத்தேன். கேமராவைவிடத் துருத்தி விலை கூடுதலானது என்பது வேடிக்கைதான், ஆனால் அதன்பின் எனக்குக் கவலை இல்லை.

பூஞ்சையை அலட்சியம் செய்யாதீர்கள். கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் உள்ள நம் ஊரில், தோலுறைக்குள் வைப்பதென்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதற்குச் சமம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அம்மோனியாக் கரைசலையும் சம அளவில் கலந்து, லென்ஸ் துடைக்கும் தாளில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். அம்மோனியாவின் நெடி கடுமையாக இருக்கும் என்பதால் திறந்த வெளியில் செய்வது நல்லது. பூஞ்சை கண்ணாடியின் பூச்சை ஏற்கெனவே அரித்திருந்தால் தடம் மறையாது, ஆனால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உறையைத் தனியே வையுங்கள்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மடிப்புக் கேமராக்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு சொல். கோடாக்கின் பல மடிப்புக் கேமராக்கள் 620 ரோலுக்கானவை. பிலிமின் அகலம் 120-இன் அகலமேதான், ஸ்பூல்தான் மெலிந்தது. 620 தயாரிப்பு 1995-இல் நின்றுவிட்டது. 120 பிலிமை இருட்டில் 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றத் தெரியாதவர்கள் அவற்றை வாங்க வேண்டாம். உங்கள் ஐசோலெட்டுக்கு இன்றும் கிடைக்கும் 120 ரோலே போதும், அந்தத் தொல்லை இல்லை.

கெடிலக்கரை:

வில்லியனூர் நண்பரோடு வாதிட மாட்டேன். வசதி இருந்தால் மாற்றுவதே மேல். ஆனால் வாங்கும் முன் ஒரு ரோல் எடுத்துப் பார்த்துவிடலாமே என்பதுதான் என் எண்ணம்.

இருவருமே எழுத மறந்தது ஒன்று. முன் லென்ஸைக் கழற்றி மாட்டியபின் முடிவிலி, அதாவது மிகத் தொலைவிலுள்ளவை தெளிவாக விழும் நிலை, இடம் மாறிப்போயிருக்கும். கண்ணாடிக் கடையில் ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குத் துண்டு வெட்டி வாங்கி, மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டால் ஒரு பக்கத்தை மங்கலாக்கிக்கொள்ளுங்கள். பின்கதவைத் திறந்து, பிலிம் தங்கும் உட்பக்கத் தண்டுகளின்மேல் மங்கல் பக்கம் லென்ஸை நோக்கி இருக்குமாறு வைத்து, ஷட்டரை இயக்கும் பூட்டுத் திருகுள்ள கேபிளால், அழுத்தும்வரை திறந்திருக்கும் 'பி' நிலையில் ஷட்டரைத் திறந்து நிறுத்துங்கள். மொட்டை மாடியிலிருந்து தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, கம்பிகள் கூர்மையாகும் இடத்தில் முன் லென்ஸை நிறுத்தி, அசையாமல் வளையத்தை முடிவிலிக் குறியில் பொருத்தித் திருகுகளை இறுக்குங்கள். தானே புயலில் என் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்த கேமரா ஒன்றை 2012-இல் இப்படித்தான் மீட்டேன்.

கோரிமேட்டுப் பிலிம் ரோல்:

சுருக்கமாக இரண்டு செய்திகள். பின்புறச் சிவப்புச் சன்னல், சிவப்பொளியை உணராத பழைய பிலிம்களை மனத்தில் வைத்து அமைந்தது. இப்போதைய பாங்க்ரோமாட்டிக் பிலிம் சிவப்பையும் உணரும். ஆகவே சன்னல்மேல் கறுப்பு நாடா ஒட்டி, எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் விலக்குங்கள். அடுத்தது, முகப்பைப் படாரென்று திறந்தால் துருத்திக்குள் காற்று இழுபட்டுப் பிலிம் வளையும். கையால் பிடித்து மெதுவாகத் திறந்து, திறந்த பிறகே பிலிமை நகர்த்துங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வளையம் ஆறாம் நாள் விட்டது; கீறிவைத்த குறி இல்லாவிட்டால் தொலைந்திருப்பேன். ஷட்டரை நான்கு முறை கழுவினேன். ஒரு நொடி வேகம் இன்னும் இழுக்கிறது, நூறில் ஒன்று காதுக்குச் சரியாகவே கேட்கிறது. துருத்தியில் பதினொரு ஓட்டைகள் எண்ணிப் பூசினேன்.

முதல் ரோலின் பன்னிரண்டு படங்களில் பத்து தெளிவு. திண்ணையில் அம்மா எடுத்த எடுப்பிலேயே முறைத்துப் பார்க்கும் படம் அவற்றில் ஒன்று. கடற்கரையில் எடுத்த ஏழாவதிலும் எட்டாவதிலும் மட்டும் இடப்பக்கம் புகை போன்ற வெண்மை இருக்கிறது. சன்னல்தான் காரணமா?

கெடிலக்கரை:

சன்னல் வழியே ஒளி புகுந்தால் பின்தாளின் எண்ணோ வட்டமோ படத்தில் பதியும் வாய்ப்பு உண்டு. விளிம்பில்லாத புகை என்றால் துருத்திதான். கட்டுமரம் வருமென்று கேமராவை வெயிலில் திறந்தபடி வைத்துக் காத்திருந்தீர்களா? ஆம் எனில், பிலிமில் புகை விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் துருத்திச் சுவரில் பன்னிரண்டாவது ஓட்டையைத் தேடுங்கள். இம்முறை துருத்தியை முழுதும் விரித்து மட்டுமல்லாமல், பாதி மடித்தும் விளக்கு விட்டுப் பாருங்கள்.