விமான நிறுவனம் அணி மாறினால் நம் மைல் கணக்குக்கு யார் பொறுப்பு?

ராகவி, ஓ.எம்.ஆர்.:
ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் (நாம் அணி என்பது இதைத்தான்) இருந்து விலகி, மறுநாளே போட்டி அணியான ஸ்கைடீமில் சேர்ந்தது. 1997-இல் ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் அதுவும் ஒன்று. தொடங்கியவர்களே வெளியே போகலாம் என்றால், அந்தச் சின்னத்தை நம்பிப் பல வருடம் பறந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். எங்கள் ஓ.எம்.ஆர். சாலையில் ஸ்வீடன், டென்மார்க் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே போகிறவர் சென்னையில், ஸ்டார் அணியில் உள்ள லுஃப்தான்சா ஏறி, பிராங்பர்ட்டில் மாறி, ஸ்டாக்ஹோம் போவார். பறந்ததற்குக் கிடைக்கும் மைல் புள்ளிகளை, அப்போது அதே அணியில் இருந்த எஸ்.ஏ.எஸ்.ஸின் யூரோபோனஸ் கணக்கில் போட்டு வைப்பார். செப்டம்பர் 1-க்குப் பிறகு அதே நள்ளிரவு விமானம், அதே சீட், அதே கட்டணம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது. பிராங்பர்ட் லவுஞ்ச் வாசலில் அதிகம் பறந்ததற்காக அவருக்குக் கிடைத்த கோல்டு அட்டையும் செல்லாது. அவர் செய்த தப்பு என்ன?

ஸ்டேட்டஸ், அதாவது கோல்டு போன்ற அடுக்கு, ஒரு வாக்குறுதி. அது காலாவதியாகும் தேதி வரை பழைய கூட்டாளிகளும் அதை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

திரிசூலம் பயணி:
ராகவி, உங்கள் வருத்தம் புரிகிறது. கோரிக்கையைத்தான் ஏற்க முடியவில்லை. எஸ்.ஏ.எஸ். ஆசைப்பட்டு அணி மாறவில்லை. 2022 ஜூலையில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்ற நிறுவனம் அது. காப்பாற்ற வந்தவர்களில் ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் குழுமமும் இருந்தது, 19.9 சதவீதப் பங்கை எடுத்தது. அந்தக் குழுமம் ஸ்கைடீமில் இருக்கிறது. பணம் போடுகிறவர் பக்கம்தான் நிறுவனம் சாயும். அணி மாறப்போவதை 2023 அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட பதினொரு மாத அவகாசம். புள்ளிகள் அழியவில்லை, கோல்டு அட்டை ஸ்கைடீமில் அதற்கு இணையான அடுக்காக மாறியது.

மாறாமல் இருந்து மூழ்கியிருந்தால்? கிங்ஃபிஷரை மறந்துவிடாதீர்கள். 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு அணியில் சேர வேண்டியது, கடைசி நேரத்தில் தள்ளிப் போனது. அக்டோபரில் பறப்பதே நின்றது. அதன் மைல்களோடு நின்றவர்களுக்கு மாறிக்கொள்ள எந்த அணியும் இல்லை. நிறுவனம் உயிரோடு இருந்தால்தான் புள்ளிக்கு மதிப்பு.

சேது, நங்கநல்லூர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு லவுஞ்ச் எல்லாம் தேவையில்லை, பெட்டிதான் கேள்வி. மகளின் பேறுகாலத்துக்கு நானும் என் மனைவியும் நியூஜெர்சி போகிறோம், மகன் கூட வருகிறான். அவனுக்கு ஸ்டார் கோல்டு இருப்பதால் ஒரு பெட்டி கூடுதலாகக் கொண்டுபோகலாம் என்கிறான். பிரசவ லேகியம், வீட்டில் திரித்த பொடிகள், குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலையில் தைத்த துணிகள் என்று என் மனைவி இப்போதே அந்தப் பெட்டியை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். டிக்கெட் எடுத்த பிறகு நிறுவனம் அணி மாறினால் கவுண்டரில் அந்தப் பெட்டியை நிறுத்திவிடுவார்களா?

திரிசூலம் பயணி:
சேது சார், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் லக்கேஜ் அளவு உங்களுடையது. அணி மாற்றம் அதைத் தொடாது. மகனுடைய கோல்டு தருகிற கூடுதல் பெட்டி வேறு வகை. அது பயணம் செய்யும் நாளில் அட்டை செல்லுமா என்பதைப் பொறுத்தது. சில குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் அந்தச் சலுகையே கிடையாது, எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கூடுதல் பெட்டி மகன் பெயரில்தான் போகும். மூன்று பேரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் கவுண்டரில் பேச்சு குறையும்.

ராகவி, ஓ.எம்.ஆர்.:
திரிசூலம் சார், சேது சாருக்கு நீங்கள் சொன்ன பதிலே என் வாதம்தான். "பயணம் செய்யும் நாளில் செல்லுமா" என்ற நிபந்தனை யாருக்கு லாபம்? டிக்கெட் விற்கும்போது கோல்டைக் காட்டி விற்கிறார்கள், பறக்கும்போது இல்லை என்கிறார்கள்.

பதினொரு மாத அவகாசம் என்கிறீர்கள். மாதம் ஒருமுறை பறப்பவருக்கு அது போதும், புள்ளியைச் செலவழித்து வேறு கணக்குக்குப் போய்விடுவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாவுக்கு? ஒரு டிக்கெட்டுக்கான மைல் சேரவே அவர்களுக்குப் பல வருடம் ஆகும். பாதி சேர்ந்த நிலையில் அணி மாறினால் அவர்கள் கையில் இருப்பது இந்தப் பக்கமும் உதவாது, அந்தப் பக்கமும் உதவாது.

தென் அமெரிக்காவின் லாட்டம் நிறுவனத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் டெல்டா அதில் 20 சதவீதப் பங்கை வாங்குவதாக 2019 செப்டம்பரில் அறிவித்தது. 2020 மே 1-ஆம் தேதி லாட்டம் ஒன்வேர்ல்டை விட்டது, வேறு எந்த அணியிலும் சேரவில்லை. அங்கே மாற்று அடுக்குகூடக் கிடையாது.

பாரி, பல்லாவரம்:
அணி மாறினாலும் சரி, இரண்டு நிறுவனம் ஒன்றானாலும் சரி, நம்ம ஆட்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. பெயர். எனக்கு ஒரு மைல் கணக்கில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு கணக்கையும் சேர்க்கும் நேரத்தில் "பெயர் பொருந்தவில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. பாஸ்போர்ட் நகல், பழைய போர்டிங் பாஸ் எல்லாம் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலில் இருந்து கதை. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த மைல் போயே போயிருக்கும். அதனால் மாற்றம் வரும் முன்பே பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லாக் கணக்கிலும் திருத்தி வையுங்கள், வந்த பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

திரிசூலம் பயணி:
பாரி தம்பி சொன்னது மிகவும் உபயோகமான விஷயம். போர்டிங் பாஸை, மைல் கணக்கில் ஏறுகிற வரை வைத்திருங்கள்.

ராகவி, பழைய கூட்டாளி ஏன் உடனே நிறுத்துகிறார் என்றும் பார்க்க வேண்டும். நீங்கள் லுஃப்தான்சாவில் பறந்து வேறொரு நிறுவனத்தில் மைல் போட்டால், அந்த மைலுக்கான காசை லுஃப்தான்சா அங்கே கட்டுகிறது. அந்த மைலில் நீங்கள் ஒரு கூட்டாளியின் சீட்டை எடுத்தால், மைல் கொடுத்தவர் சீட் கொடுத்தவருக்குக் கட்டுகிறார். இதற்கெல்லாம் ஒப்பந்தம் வேண்டும். போட்டி அணிக்குப் போனவருக்கு எதற்கு அவர்கள் காசு கட்ட வேண்டும்?

மாற்றம் நல்லதாகவும் முடிகிறது. விஸ்தாரா எந்த அணியிலும் இருக்கவில்லை. 2024 நவம்பர் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவோடு இணைந்தது, புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக வந்தன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் இருந்து ஸ்டார் அலையன்ஸில் இருப்பதால், விஸ்தாராவில் பறந்து சேர்த்தவர்களுக்கு அந்த அணியின் கதவும் திறந்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ராகவி, ஓ.எம்.ஆர்.:
விஸ்தாரா விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அது ஒழுங்காக நடந்த மாற்றம். ஆனால் அதே 2024-இல் ஏர் இந்தியா, பறந்த தூரத்துக்குப் புள்ளி தருவதை விட்டுச் செலவழித்த பணத்துக்குப் புள்ளி என்று மாற்றியது. மலிவாக டிக்கெட் எடுத்து நீண்ட தூரம் போகிறவருக்கு அதில் சரிவுதான்.

திரிசூலம் பயணி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அணியே மாறாமலும் விதி மாறும். அதனால் நான் சின்னத்தைப் பார்ப்பதில்லை, வழியைப் பார்க்கிறேன். மீனம்பாக்கத்தில் இருந்து கிழக்கே போனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் இரண்டும் ஸ்டார். மலேசியா, கேத்தே, கொழும்பு வழி ஸ்ரீலங்கன் மூன்றும் ஒன்வேர்ல்டு. மேற்கே லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், தோஹா போகும் கத்தார் இரண்டும் ஒன்வேர்ல்டு, 2025 ஜூன் 30 முதல் மஸ்கட் போகும் ஓமன் ஏரும் அதில்தான். நம்மில் பாதிப் பேர் ஏறும் எமிரேட்ஸ், எதிகாட் எந்த அணியிலும் இல்லை. உள்நாட்டில் நாம் அதிகம் ஏறும் இண்டிகோவும் இல்லை. வருடம் ஒருமுறை போகிறவர் கோல்டைத் துரத்தாமல், புள்ளி சேர்ந்தவுடன் செலவழிப்பதே நல்லது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம்தான், அணி மாறாவிட்டாலும் கரையும்.

ராகவி, ஓ.எம்.ஆர்.:
தனி ஆளுக்கு நல்ல யோசனை சார். நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பயணி எப்படித் தப்பிப்பது என்பதோடு நின்றுவிட்டால் நிறுவனத்தை யாரும் கேள்வி கேட்கவே மாட்டார்கள். புதிதாக மைல் ஏற்ற வேண்டாம், காசு கட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தட்டும். விலகும் நாளுக்கு முன் உழைத்துப் பெற்ற ஸ்டேட்டஸுக்கு, அந்த அட்டையில் உள்ள தேதி வரை லவுஞ்சும் பெட்டியும் கொடுக்கட்டும். அந்தச் செலவை விலகுகிறவர் பழைய கூட்டாளிக்குத் தீர்க்கட்டும். பங்கு விற்கிற ஒப்பந்தம் போடும்போதே இந்த ஒரு வரியையும் சேர்க்க முடியும்.

சேது, நங்கநல்லூர்:
பி.என்.ஆர். விஷயம் நல்லவேளை சொன்னீர்கள். மகன் தனியாகப் பதிவு செய்ய இருந்தான், நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாரி தம்பி, என் மனைவி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கிறது. அமெரிக்க விசாவில் எப்படி வந்திருக்கிறதோ அப்படியே டிக்கெட்டில் போட வேண்டுமா?

பாரி, பல்லாவரம்:
பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. பணம் கட்டும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், முடிந்தால் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.