திராட்சை மாடலில் துளிர்க்கும் தேதியே வரவில்லை, உதவுங்கள்

ஹெப்பாள்வாசி: தொட்டபள்ளாபுரம் பக்கம் பந்தலில் ஏற்றிய பெங்களூர் ப்ளூ ரகத் திராட்சைத் தோட்டம். கவாத்து (கிளை வெட்டு) அக்டோபர் 15. பயிர் வளர்ச்சியைக் கணினியில் கணிக்கும் ஸ்டிக்ஸ் மாடலை ஓட்டினால் துளிர்க்கும் நாள் காலியாகவே வருகிறது. வானிலைக் கோப்பில் விடுபட்ட நாள் எதுவும் இல்லை. மார்ச் 1 முதல் பூஜ்ய டிகிரிக்கு மேல் வெப்பத்தைக் கூட்டும் பிரெஞ்சுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்; ஏப்ரலில் பூக்கும் என்கிறது. தோட்டத்தில் நவம்பரிலேயே பூத்துவிட்டது!

கோப்புக்காரன்: மாடல் பழுதாகவில்லை, குளிருக்காகக் காத்திருக்கிறது. ஐரோப்பாவில் கொடி இலையுதிர்த்து உறங்கும். போதிய குளிர் சேர்ந்த பிறகுதான் வெப்பக் கணக்கு தொடங்கும். பெங்களூர் ஜனவரி இரவை நம்பினால் அது தொடங்கவே தொடங்காது. இங்கே கொடியை எழுப்புவது கவாத்துக் கத்தரியும், மொட்டில் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு மருந்தும்தான். உறக்கப் பகுதியை அணைத்துவிட்டு, கவாத்துத் தேதியைத் தொடக்கமாகக் கொடுங்கள். அடிப்படை வெப்பம் 10 டிகிரி, அதற்கு மேற்பட்டதை மட்டும் கூட்டுங்கள்: அன்றைய சராசரி 23 என்றால் 13 அலகு சேரும்.

இன்னொன்று, பலர் மாட்டிக்கொள்ளும் இடம். அக்டோபர் 15 என்பது ஆண்டின் 288ஆம் நாள். ஜனவரி 1ஐ மறுபடியும் 1 என்று எழுதாமல் 366 என்று தொடருங்கள். பிப்ரவரி 20 அறுவடை என்றால் 416.

ஹெப்பாள்வாசி: நன்றி அண்ணா, துளிரும் பூவும் இப்போது தோட்டத்தோடு ஒத்துப்போகின்றன. ஆனால் மகசூல் நிஜத்தைவிட மிக அதிகமாக வருகிறது. காயின் எடையைக் குறைத்துப் பொருத்திவிடலாமா?

கம்பத்துக்காரர்: வேண்டாம் தம்பி. அப்படிப் பொருத்தினால் இந்த வருடம் சரியாக வரும், அடுத்த வருடம் கவிழ்த்துவிடும். குலையின் எண்ணிக்கை அக்டோபரில் தீர்மானமாவதில்லை. ஏப்ரல் கவாத்துக்குப் பின் வளரும் கிளையின் மொட்டுக்குள்ளேயே அது உருவாகிவிடுகிறது. அப்போது மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் பல மொட்டுகள் வெறும் இலையாகத்தான் வெடிக்கும். அக்டோபரில் பிறந்த மாடலுக்கு அந்தக் கதை தெரியாது. துளிர் விட்டதும் பந்தலடியில் நின்று நிமிர்ந்து எண்ணுங்கள். ஓரத்துக் கொடிகளை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு வெயில் அதிகம். எண்ணிய குலைகளை மாடலுக்கு உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, காய் பருப்பதை மட்டும் அது கணிக்கட்டும். பூக்கும்போது மழை பிடித்து அடிச்சாம்பல் நோய் வந்திருந்தால் அந்த இழப்பையும் தனியாகத்தான் கழிக்க வேண்டும்.

ஆமாம், அங்கே இரண்டு கவாத்துக்கும் காய் எடுக்கிறார்களா?

ஹெப்பாள்வாசி: எடுக்கிறார்கள் ஐயா.

கம்பத்துக்காரர்: அப்படியானால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலக்காதீர்கள். கோடைக் காய்க்கும் குளிர்காலக் காய்க்கும் வெப்பக் கூட்டலைத் தனித்தனியாகப் பொருத்துங்கள். கோடைக் காய் தின்றது போகத்தான் அக்டோபர்த் துளிருக்குக் கொடியில் சேமிப்பு மிஞ்சும். கோடை அறுவடையின் எடை தோட்டக்காரரின் நோட்டில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கோப்புக்காரன்: அதோடு மருந்து தடவிய தேதியையும் வாங்கிவிடுங்கள். கவாத்துக்குச் சில நாள் கழித்துத் தடவியிருந்தால் துளிர்க் கணக்கு அங்கேதான் இடறும்.