‘பெரிய வீடு’ குழு: செல்வி பெங்களூரு போறாளாமே

*ஞாயிறு*

முத்து சித்தப்பா 7:02
செல்வி பெங்களூருக்குப் போறாளாமே. அகஸ்தியர் கோயில் வாசல்ல ஒருத்தர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முத்து சித்தப்பா 7:02
நம்ம வயக்காட்டுக் கேஸை இனி யாரு பாப்பா?

கோமதி 7:10
தம்பி, மாப்பிள்ளைக்கு ஆர்டர் வந்ததே வெள்ளிக்கிழமைதான். ஒயிட்ஃபீல்டு ஆபீஸ். நானே போன் பண்ணணும்னு இருந்தேன்.

முத்து சித்தப்பா 7:11
இருந்தீங்க. சரி.

கணேஷ் 7:15
விடிஞ்சதும் விடியாததுமாவா 🙏

ராஜி மதினி 7:21
ஹே செல்வி சூப்பர்!! வீடு பாக்கும்போது முதல்ல காவேரித் தண்ணியா, போரா, டேங்கரான்னு கேளு. வாடகை அப்புறம்.

ஆச்சி 7:26
🎤 குரல் பதிவு 0:52

கணேஷ் 7:29
கேக்காதவங்களுக்குச் சுருக்கமா: ஆடிக்கு முன்னாடி பால் காய்ச்சிரணும், இல்லன்னா ஆவணிதான். அப்புறம், மாப்பிள்ளை கை நிறைய சம்பாதிக்காரு, இனி இவளுக்கு எதுக்குக் கறுப்புக் கோட்டு.

செல்வி 7:40
ஆச்சி, கோட்டு முதல் பெட்டியிலயே வச்சாச்சு.

ராஜி மதினி 7:41
👏👏

சங்கரன் பெரியப்பா 7:58
அனைவருக்கும் காலை வணக்கம். கோர்ட்டில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விளக்குகிறேன். 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒரு வக்கீலின் பெயர் ஒரு மாநில பார் கவுன்சில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவேட்டில்தான் இருக்கலாம், இரண்டில் இருக்கக் கூடாது (பிரிவு 17). செல்வி பெயர் சென்னையில் இருக்கிறது. இதைக் கர்நாடகாவுக்கு மாற்ற பிரிவு 18-ன் கீழ் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மனுப் போட வேண்டும். சட்டப்படி இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிரிவு 30-ன்படி இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகலாம். 1961 சட்டம்தான், ஆனால் இந்தப் பிரிவு மட்டும் 2011 ஜூன் 15-ல்தான் அமலுக்கு வந்தது. இது பல வக்கீல்களுக்கே தெரியாது. தொடரும்.

கணேஷ் 7:59
தொடருமா? அப்பா 😭

கோமதி 8:03
தெக்குத் தெரு வக்கீல் பையன் பாண்டிச்சேரி போனானே, அவன் ஒண்ணும் மாத்தலயே அத்தான்?

சங்கரன் பெரியப்பா 8:09
தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒரே பார் கவுன்சில் கோமதி. அவன் காரைக்கால் போனாலும் மாற்ற வேண்டியதில்லை.

கோமதி 8:10
ஓ

முத்து சித்தப்பா 8:12
எந்தக் கோர்ட்லயும் ஆஜராகலாம்னா இவ அங்கேயிருந்தே நம்ம அம்பை சப் கோர்ட்டுக்கு வந்து போலாமே? பேரை எதுக்கு மாத்தணும்?

செல்வி 8:20
வரலாம் சித்தப்பா, தப்பில்ல. ஆனா எந்த ஊர்ல வழக்கமா பிராக்டிஸ் பண்றோமோ அந்த மாநிலத்துல பேரு இருக்கணும். அங்க பிராக்டிஸ் ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள மாத்த மனுப் போடலன்னா, அதையே தொழில் ஒழுங்கீனம்னு வச்சிருக்காங்க பார் கவுன்சில் விதியில.

முத்து சித்தப்பா 8:21
அப்ப ஆறு மாசத்துக்குள்ள கேஸை முடிச்சிரு.

செல்வி 8:21
சித்தப்பா, நம்ம பக்கத்துச் சாட்சியே இன்னும் முடியல 😐

கணேஷ் 8:22
தாத்தா காலத்துக் கேஸு, ஆறு மாசமாம் 😂😂

ராஜி மதினி 8:30
திரும்ப எதுவும் பரீட்சை எழுதணுமா செல்வி? எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பொண்ணு பார் பரீட்சைக்குப் படிச்சிட்டே இருக்கா.

செல்வி 8:33
இல்ல மதினி. அது அகில இந்தியப் பரீட்சை, ஒரு தடவை பாஸ் பண்ணினா போதும். எல்லா மாநிலத்துக்கும் அதே சர்டிபிகேட்தான்.

சங்கரன் பெரியப்பா 8:35
தொடர்ச்சி: சில ஐகோர்ட்டுகளில் தனி விதி உண்டு. உதாரணமாக அலகாபாத். அங்கே உத்தரப் பிரதேசப் பதிவேட்டில் இல்லாத வக்கீல், உள்ளூர் வக்கீல் ஒருவரைச் சேர்த்துக்கொண்டுதான் ஆஜராக முடியும். இதைச் சுப்ரீம் கோர்ட்டே 2016-ல் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே

கணேஷ் 8:36
செல்வி போறது அலகாபாத் இல்லப்பா

சங்கரன் பெரியப்பா 8:36
தகவலுக்குச் சொன்னேன்.

ராஜி மதினி 8:44
கிரைண்டரைத் தூக்கிட்டு வராத, இங்க மாவு பாக்கெட்ல கிடைக்கும்

கோமதி 8:45
பாக்கெட் மாவா? ராஜி, அந்தப் புளிப்பை மனுசன் திம்பானா

ஆச்சி 8:49
🎤 குரல் பதிவு 1:14

கணேஷ் 8:52
ஆச்சி கிரைண்டர் கட்சி. முழுசும் அதைப் பத்திதான்.

செல்வி 9:05
பேரு மாத்துறது வெறும் பேப்பர் வேலை. எனக்கு யோசனை வேற. அங்க ஐகோர்ட்ல இங்கிலீஷ், சமாளிச்சிரலாம். சிட்டி சிவில் கோர்ட்ல சாட்சி கூண்டுல ஏறினா கன்னடம்தானே பேசுவாங்க. இங்கன்னா, ‘வரப்பை வெட்டும்போது நீரு எங்க வே நின்னீரு’ன்னு நம்ம ஊர்ப் பேச்சுலயே கேட்டா, படிச்சுட்டு வந்த பதிலை மறந்துட்டு உள்ளதை உளறிடுவாங்க. அங்க நான் எழுதி வச்சுத்தான் கேக்கணும். இப்பதான் கன்னட எழுத்தே கூட்டிக்கூட்டி வாசிக்கேன். முதல்ல ஒரு சீனியர்கிட்ட சேந்து, ஐகோர்ட் வேலை மட்டும் பாக்கலாம்னு இருக்கேன். இத்தனை வருசம் நின்னுட்டு மறுபடி கேஸ் கட்டு தூக்கணும். பரவாயில்ல.

ராஜி மதினி 9:07
கன்னடம் ஆறு மாசத்துல வந்திரும்டி. எனக்கே வந்திட்டுன்னா பாத்துக்கோ

சங்கரன் பெரியப்பா 9:15
கேஸ் விஷயத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் என் நண்பர், நல்ல சிவில் வக்கீல். செல்வி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அவர் புது வக்காலத்து போட்டுக்கொள்வார்.

முத்து சித்தப்பா 9:16
எந்த நண்பர். அன்னைக்குச் சமரசம் பேசும்போது தென்வடல் வரப்பை அவங்களுக்கு விட்டுக் கொடுக்கச் சொன்னாரே, அந்த நண்பரா.

சங்கரன் பெரியப்பா 9:17
அது பழைய கதை.

முத்து சித்தப்பா 9:17
வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கு.

கோமதி 9:18
காலங்காத்தால வேண்டாம். ரெண்டு பேருக்கும் பிரஷர் இருக்கு.

செல்வி 9:24
சித்தப்பா, நான் விலகப்போறேன்னு இன்னும் சொல்லவே இல்லயே. என் ஜூனியரையும் வக்காலத்துல சேத்திடுறேன். வாய்தாவுக்கு அவ நிப்பா. குறுக்கு விசாரணைக்கு நான் வாரேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறினா காலையில நெல்லை. தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்ல நீங்களே பாத்துக்கலாம்.

முத்து சித்தப்பா 9:25
ஜூனியர்னா அந்தச் சின்னப் பிள்ளையா

செல்வி 9:25
அந்தச் சின்னப் பிள்ளைதான் உங்க பட்டா நகலை வாங்கிட்டு வந்தது.

கணேஷ் 9:27
ஒரு யோசனை. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில இருந்தா மாத்த மாட்டாங்கன்னு அப்பா சொன்னாருல்ல? கேஸ்ல எதிர்த்தரப்பு கிழக்கு வீட்டுக்காரங்கதானே, அவங்களை விட்டு செல்வி மேல ஒரு புகார் போடச் சொல்லுவோம். இங்கயே இருந்திடுவா.

ராஜி மதினி 9:28
கணேஷ்!! பாலு அத்தான் இந்தக் குழுவிலதான் இருக்காரு

கணேஷ் 9:28
🚫 *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

பாலு (கிழக்கு வீடு) 9:31
படிச்சிட்டேன் மச்சான்.

பாலு (கிழக்கு வீடு) 9:32
வக்கீலம்மா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் மாமனாரைக் கூண்டுல ஏத்தித் தண்ணி கேக்க வச்சதைத் தவிர. செல்வி, வாழ்த்துகள்மா. நல்லாயிரு.

செல்வி 9:34
நன்றி அத்தான் 🙏

முத்து சித்தப்பா 9:35
இவரு எப்பலேருந்து இங்க இருக்காரு?? சாட்சி விஷயமெல்லாம் இதுலதானே பேசினோம்.

பாலு (கிழக்கு வீடு) 9:36
உங்க வீட்டுக் காதுகுத்துக்குச் சேத்தாங்க மாமா. யாரும் எடுக்கல.

சங்கரன் பெரியப்பா 9:38
உறவு வேறு, வழக்கு வேறு. மாப்பிள்ளை இருக்கட்டும்.

முத்து சித்தப்பா 9:38
உங்களுக்கு என்ன. அட்மின் யாரு? உடனே எடுக்கச் சொல்லுங்க.

கோமதி 9:44
செல்வி, பால் காய்ச்சுறது ஆனி கடைசி புதனா வியாழனா? ஜோசியர் கேக்காரு

செல்வி 9:45
எதுன்னாலும் சரிம்மா, செவ்வாய் அம்பையில வாய்தா இருக்கு. அதை முடிச்சிட்டுத்தான் ரயில் ஏறணும்.

பாலு (கிழக்கு வீடு) 9:46
செவ்வாய் எங்க வக்கீல் வெளியூரு. தள்ளித்தான் போகும்.

முத்து சித்தப்பா 9:46
அட்மின் யாருன்னு கேட்டேன்

கணேஷ் 9:51
ஆச்சி நம்பர்தான் சித்தப்பா அட்மின். போனை பாலு அத்தான் பொண்டாட்டிதான் செட் பண்ணிக் கொடுத்தாங்க.

ஆச்சி 9:53
🎤 குரல் பதிவு 2:06