சைடர் கெக்கில் கேஸ் ஏறவே இல்லை, பக்கத்து கெக்கில் பீர் நன்றாக இருக்கிறது. என்ன காரணம்?

ஆப்பிள்சாறு (கேள்வி)

வணக்கம். ஒரே ஃபிரிட்ஜில் இரண்டு கெக் (பானத்தை அழுத்தத்தில் வைக்கும் உலோகப் பீப்பாய்) வைத்திருக்கிறேன், இரண்டும் 19 லிட்டர். ஒன்றில் பீர், இன்னொன்றில் வீட்டிலேயே செய்த ஆப்பிள் சைடர் (புளிக்கவைத்த ஆப்பிள் சாறு). கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று, அதன் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்று. அங்கிருந்து கேஸ் இரண்டு குழாய்களாகப் பிரிந்து போகிறது. அழுத்தம் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). பீரில் கேஸ் அருமையாக ஏறிவிட்டது. சைடர் மட்டும் இரண்டு வாரம் தாண்டியும் சப்பென்று இருக்கிறது.

மூடி இறுக்கமாக உட்காரட்டும் என்று முதலில் 30 பிஎஸ்ஐ கொடுத்தேன், அப்புறம் 12-க்கு இறக்கிவிட்டேன். சைடரில் ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் போட்டு, பிறகு சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கியிருக்கிறேன். ஈஸ்ட்டை நம்ப முடியாது. சிலிண்டரிலிருந்து வரும் கேஸ்தான் எல்லாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் எங்கும் கசிவு இல்லை. சிலிண்டர் மீட்டரின் முள்ளும் அப்படியே நிற்கிறது. சைடர் இந்த முறை நல்ல வாசனையோடு வந்திருக்கிறது, அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் கவலை.

நுரைமகுடம்

ஒரு சந்தேகம். நுரை நிற்கவில்லை என்பதை வைத்துச் சொல்கிறீர்களா, இல்லை நாக்கில் சுருசுருப்பே இல்லையா? பீரில் நுரை நிற்பதற்குக் காரணம் தானியத்திலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவும். சைடரில் அவை கிடையாது. கேஸ் முழுதாக ஏறிய சைடர்கூட ஊற்றியதும் பொங்கிவிட்டு உடனே அடங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கிளாஸ் முழுக்க நுரை, குடித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் கெக்கில் குறை இல்லை. ஊற்றும் குழாய் நீளம் போதாமலோ, டேப் சூடாக இருந்தோ, வருகிற வழியிலேயே கேஸ் பிரிந்துவிடுகிறது.

ஆப்பிள்சாறு

நாக்கில்தான் இல்லை. நுரையும் வரவில்லை. டேப்பைத் திறந்தால் மெதுவாகத்தான் ஒழுகுகிறது.

கிளாஸ்நிறைய

ரொம்ப யோசிக்காதீர்கள். 30 பிஎஸ்ஐ-க்கு ஏற்றி, கெக்கைப் படுக்கவைத்துப் பத்து நிமிடம் உருட்டுங்கள். ஏறிவிடும்.

அழுத்தமானி

நண்பரே, அதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் இரண்டு கெக்கும் ஒரே ரெகுலேட்டரில் இருக்கின்றன. அதை 30-க்கு ஏற்றினால் சரியாக இருக்கிற பீரிலும் கேஸ் அதிகமாகிவிடும். அதோடு, கேஸ் குழாய் மாட்டியிருக்கும்போது கெக்கைப் படுக்கவைத்தால் சைடர் அந்தக் குழாய்க்குள் வரும். முதலில் கேஸ் உள்ளே போகிறதா இல்லையா என்பது தெரிய வேண்டும்.

கடைசியில் எவ்வளவு கேஸ் கரைந்து நிற்கும் என்பது முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: கெக்குக்குள் இருக்கும் அழுத்தம், திரவத்தின் வெப்பநிலை. 3 அல்லது 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ வைத்தால் சுமார் 2.5 மடங்கு கரையும். அதாவது லிட்டருக்கு இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு, எடையில் ஏறக்குறைய 5 கிராம். இதே 12 பிஎஸ்ஐ 20 டிகிரியில் 1.5 மடங்கைத்தான் தரும், எத்தனை வாரம் காத்திருந்தாலும் சரி. 'மெதுவாக ஏறுகிறது' என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்: ஃபிரிட்ஜ் காட்டுவது காற்றின் வெப்பநிலையை, உள்ளே திரவம் இன்னும் குளிர்ந்திருக்காது. ஒரு கிளாஸ் ஊற்றிக் கொட்டிவிட்டு, அடுத்த கிளாஸில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் விஷயம் அது இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்தில் பீர் நன்றாக இருக்கிறதே! குளிர் போதவில்லை, ரெகுலேட்டர் தப்பாகக் காட்டுகிறது, சிலிண்டரில் நைட்ரஜன் கலந்த கேஸ் இருக்கிறது, இவற்றில் எது உண்மையானாலும் பீரும் கெட்டிருக்க வேண்டும். ஆகவே கோளாறு, குழாய் பிரிகிற இடத்துக்கும் சைடர் கெக்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சோப்புத் தண்ணீர் கசிவைக் காட்டிக்கொடுக்கும், அடைப்பைக் காட்டாது.

சிலிண்டர் மீட்டரை நம்ப வேண்டாம். உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும்வரை, 20 டிகிரியில் அந்த முள் 57 பார் அளவிலேயே நிற்கும், பாதி தீர்ந்திருந்தாலும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரை எடைதான் போட வேண்டும்.

இப்போது இரண்டு கெக்கிலும் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வை ஒரு நொடி மட்டும் இழுத்து, சத்தத்தை ஒப்பிடுங்கள். பிறகு கேஸ் திறந்திருக்க, சைடர் கெக்கை நிமிர்ந்த நிலையிலேயே மெல்ல ஆட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். கேஸ் போகிறதென்றால் 'ஸ்ஸ்' என்று தெளிவாகக் கேட்கும்.

ஆப்பிள்சாறு

பார்த்துவிட்டேன். பீர் கெக் பளாரென்று சீறியது. சைடர் கெக்கில் மெல்லிசாக ஒரு மூச்சு மட்டும் வந்து நின்றுவிட்டது. ஆட்டினாலும் ஒரு சத்தமும் இல்லை.

அழுத்தமானி

அப்படியானால் அடைப்பேதான். ஆரம்பத்தில் கொடுத்த 30 பிஎஸ்ஐ-யை சைடர் உறிஞ்சிக்கொண்டது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பீர் கெக்கின் கேஸ் கனெக்டரைக் கழற்றி சைடர் கெக்கில் மாட்டிப் பாருங்கள். கேஸ் போனால் குற்றவாளி குழாய், போகாவிட்டால் கெக்கின் முனையில் இருக்கும் வால்வு.

இன்னொன்று: சைடரை எந்த மட்டம்வரை நிரப்பினீர்கள்? 30-இலிருந்து 12-க்கு இறக்கியபோது கெக்குக்குள் இருந்த அழுத்தத்தை வெளியே விட்டீர்களா?

புதுக்கெக்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிலிண்டர் இல்லாமல், கெக்கிலேயே சர்க்கரை போட்டுக் கேஸ் வரவைக்கப் பார்க்கிறேன். எனக்கும் ஏறவில்லை. இதே அடைப்பாக இருக்குமா?

நுரைமகுடம்

இருக்காது. உங்களுக்கு அடைப்பதற்குக் கேஸ் குழாயே இல்லையே. பெரும்பாலும் மூடியாக இருக்கும். இந்த வகைக் கெக்கின் மூடி உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தால்தான் ரப்பர் வளையத்தோடு இறுகுகிறது. ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும் கேஸ் அதற்குள் வெளியேறிவிடும். சர்க்கரை போட்ட அன்றே எங்காவது கேஸ் வாங்கி ஒரு முறை 20, 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை உட்காரவையுங்கள். வளையத்தில் உணவுக்கான சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். 20 டிகிரி வாக்கில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். சார்பேட் போட்டிருந்தால் மட்டும் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஆப்பிள்சாறு

கண்டுபிடித்தாயிற்று! பீர் கனெக்டரை மாட்டியதும் சைடர் கெக் மடமடவென்று கேஸை இழுத்துக்கொண்டது. அப்படியென்றால் குழாய். சிலிண்டரை மூடி, குழாயில் இருந்த அழுத்தத்தை வெளியே விட்டபின் கழற்றினேன். குழாயின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் போகவிடும் வால்வு) இருக்கிறது. அதன் கெக் பக்கத்தில் தேன் நிறத்தில் கெட்டியான பிசின். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் அதில் அப்படியே ஒட்டி உட்கார்ந்திருந்தது. குச்சியால் தள்ளினால்கூட அசையவில்லை. வெந்நீரில் ஊறவைத்த பிறகு கரைந்து, 'டிக்' என்று விடுபட்டது. முகர்ந்தால் ஆப்பிள் வாசனை.

மட்டம் நீங்கள் சந்தேகப்பட்டபடியே. கேஸ் முனைக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாய் சைடருக்குள் முங்கித்தான் இருக்கிறது. அழுத்தத்தை வெளியே விடாமல்தான் இறக்கியிருந்தேன்.

அழுத்தமானி

அதுதான் கதை. கெக்கில் 30, குழாயில் 12. சைடர் குழாய்க்குள் ஏறியிருக்கிறது. செக் வால்வு அதன் வேலையைச் சரியாகச் செய்து ரெகுலேட்டரைக் காப்பாற்றியிருக்கிறது, அந்த இனிப்பு காய்ந்து அதையே ஒட்டிவிட்டது. இனிப்பு சேர்க்காத சைடராக இருந்தால் ஒருவேளை இவ்வளவு பிசுபிசுத்திருக்காது. குழாயையும் கழுவி முழுக்கக் காயவையுங்கள். கொஞ்சம் சைடரை ஊற்றி எடுத்து, மட்டத்தை அந்தக் குட்டைக் குழாய்க்குக் கீழே கொண்டுவாருங்கள். மேலே இடம் கிடைத்தால் கேஸ் படும் பரப்பும் கூடும்.

இனி அவசரம் என்றால் கிளாஸ்நிறைய சொன்ன 30 பிஎஸ்ஐ-யைத் தாராளமாகச் செய்யலாம், உருட்டாமல். பீருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, சைடர் குளிர்ந்த நிலையில் ஒரு நாள் வையுங்கள். அப்புறம் சைடர் பக்கத்துக் கேஸை மூடி, ரிலீஃப் வால்வை இழுத்து அழுத்தத்தை விட்டபிறகு ரெகுலேட்டரை 12-க்கு இறக்கித் திறங்கள். ருசி பார்த்து, போதவில்லையென்றால் 12-இலேயே இன்னும் சில நாள் விடுங்கள். கூடிப்போன கேஸை வெளியேற்றுவது இதைவிடத் தொல்லை.

செக் வால்வை மாட்டும்போது அதன் மேல் இருக்கும் அம்புக்குறி கெக்கைப் பார்த்து இருக்க வேண்டும்.